கன்னி மூலைத் தூம்பு

பதினேழாவதாகத்தான் இருந்தார். ராஜாமணி மடியில் கிடந்த தாளை இன்னொரு தடவை பிரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழாக விரல் வைத்து வந்தாள். முதலில் மாவட்ட ஆட்சியர். அப்புறம் செவ்வருவி பம்ப்ஸ் கம்பெனியின் தலைவர் விஜயகோபால், அவருடைய துணைவியார், இயக்குநர்கள், மாநகராட்சி, தீயணைப்புத் துறை, பத்திரிகைக்காரர்கள், சமையல், பூ அலங்காரம், பந்தல் எல்லாம் போய், பதினேழில் 'இக்கட்டடத்தை வடிவமைத்த மறைந்த திரு. ஜோதிநாதன்'. அவருக்குப் பின்னால் ஒலி ஒளி, குடிநீர், வாகன நிறுத்தம், கடைசியாக 'வருகை தந்த அனைவருக்கும்'. மண்டபத்தை மனசில் கண்டவருக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் அதன் வாசலில் பந்தல் போட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். அவள் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல அவள் யார்? கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி காலையில் தாளைக் கையில் கொடுத்து, வரிசை மாறக்கூடாது, ஒரு பேர் விட்டுப்போனாலும் பின்னால் ரொம்பப் பேச்சாகிவிடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பழைய ஆள் ஒருவர் நன்றியுரை சொன்னால் உருக்கமாக இருக்கும் என்பது அந்தப் பெண்ணின் யோசனைதான். உருக்கம் நிறையவே இருக்கிறது, அம்மணி, ராஜாமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், நீ தாங்குவாயா என்பதுதான் தெரியவில்லை. மேடையின் ஓரத்து நாற்காலி. முன்னால் குட்டி மேஜை, அதன்மேல் செவ்வருவி என்று நீல எழுத்துப் போட்ட தண்ணீர் பாட்டில். நாற்காலி உறையிலும் செவ்வருவி, கழுத்தில் தொங்கும் அட்டையிலும் செவ்வருவி. வலது கையை மட்டும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். காலையில் வந்ததிலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. யாரோ அந்த விரல்களை அளவெடுக்க வரப்போவது போல என்ன இது என்று கையை வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக உள்ளே போய்விட்டது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மணி நாலரைகூட ஆகவில்லை, ஐப்பசி மாசத்துக் கோயம்புத்தூருக்கு அது ஒன்றும் புதிதில்லை. மருதமலைப் பக்கமிருந்து மழை கிளம்பியிருக்கும், இன்னும் அரைமணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. அவள் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். முப்பத்தேழு வருஷமாகப் பார்க்கிற கூரை. சௌந்தரவல்லி மில் தொழிலாளர் கலையரங்கம் என்பது காகிதத்தில் இருக்கிற பேர், ஊருக்கு அது முற மண்டபம். தூண் என்று நடுவில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பெரிய கான்கிரீட் முறத்தைச் சாய்த்துப் பிடித்த மாதிரி, பின்பக்கம் தூக்கி, வாய்ப்பக்கம் தாழ்ந்து, நாலு விரல் கனத்துக்கு மேல் இல்லாத கூரை அறுபது வருஷமாக நிற்கிறது. முறம் என்றால் வாய் வேண்டும் அல்லவா, புடைத்தது விழ. அந்த வாய் தென்மேற்கு மூலையில், கன்னி மூலையில், ஒரு தூம்பாக நீண்டிருக்கும். கூரையில் விழுகிற மழை மொத்தமும் அங்கே வந்து சேர்ந்து, தூம்பு வழியாகக் கீழே இருக்கிற வட்டமான கல்தொட்டியில் விழ வேண்டும். அதுதான் கணக்கு. அந்தத் தொட்டி எதற்கு என்று தெரியாமல் கல்யாண சமையல்காரர்கள் அதில் அரிசி களைந்ததையும், கட்டின வாழைமரத்தை வெட்டிப் போட்டதையும், பந்திக்குப் போட்ட நாற்காலிகளை அடுக்கினதையும் அவள் பார்த்திருக்கிறாள். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க உடைத்த ஓடுகளைப் பதித்து நெசவாலைப் பெண்களின் சித்திரம், நீலமும் செங்கல் நிறமுமாக, மூக்கு கண் வாய் எதுவும் இல்லாத வெறும் முகங்கள். மூஞ்சி இல்லாத பொம்பளைகள் முன்னால் தாலி கட்டுவதா என்று கல்யாண வீட்டார்கள் சிவப்புத் திரை போட்டு மறைத்தே வைத்திருந்ததில் பாதிப் பேருக்கு அந்தச் சுவர் இருப்பதே தெரியாது. இப்போது கழுவித் துடைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் இவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். கண் இல்லாவிட்டாலும் பார்க்கிறார்கள்.

நன்றி இல்லாமல் இல்லை. அதைத்தான் இந்தத் தாள் சரியாகச் சொல்லவில்லை. இடித்துவிடலாம் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு அவள் காப்பிகூடக் குடிக்காமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். மில் மூடின பிறகு மண்டபம் தொழிலாளர் நல அறக்கட்டளை கைக்கு வந்து, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் விட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுபோய், ஒழுகுகிற கூரை, விழுகிற சிமெண்டு, பாம்பு புகுந்த ஒப்பனை அறை. அப்போது ஒரு நாள் விஜயகோபால் காரைவிட்டு இறங்கி வந்தார். அவருடைய அப்பா இந்த மில்லில் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர். மகன் இந்த மண்டபத்து வாசகசாலையில் உட்கார்ந்துதான் இயந்திரப் படம் போடப் பழகினாராம். உள்ளே வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அப்புறம்தான் கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி, பழைய கட்டடங்களைச் சீரமைக்கப் படித்த பௌசியா என்ற கீழக்கரைப் பெண், சாரம், கூலியாட்கள், இரண்டு வருஷம். நடுவில் கூரை முழுக்கக் கம்பெனியின் நீலத்தை அடித்துவிடலாம், ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால்கூடச் செவ்வருவி தெரியும் என்று யாரோ ஒரு அதிகாரி சொல்ல, பௌசியா இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டாள். விஜயகோபால் வந்து பார்த்துவிட்டு, சிமெண்டு நிறமே இருக்கட்டும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பூமிக்குள் இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றிக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் பிழைப்பு. மேலே நின்ற தண்ணீரைக் கீழே இறக்கிவிடவும் அவர்களே வர வேண்டியிருந்தது. அதை நினைத்து ராஜாமணி எத்தனையோ தடவை தனியாகச் சிரித்திருக்கிறாள், கண்ணும் கலங்கியிருக்கிறாள். அவர்களுக்கு எந்த வரிசையில் வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம், வாய் வலிக்கச் சொல்லலாம்.

கடைசிக்கு முந்தின வரிசையில், நடுவிலிருந்து மூன்றாவது நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். இருபத்தேழு வருஷம் அந்த இடத்தில் பச்சை வாளிதான் உட்கார்ந்திருந்தது. முதல் சொட்டு வாளியின் அடியில் விழும்போது டங் என்று ஒரு சத்தம், கொஞ்சம் நிரம்பினதும் அது மாறிவிடும், பாதிக்கு மேல் வந்தால் சத்தமே மெத்தென்று ஆகிவிடும். ஆபீஸ் அறையில் ரசீது எழுதிக்கொண்டே வாளி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். வீட்டில் படுத்துக்கொண்டு மழைச் சத்தம் கேட்டால் எழுந்து சைக்கிளை எடுத்திருக்கிறாள். அவள் கட்டிக்கொண்டவர், இருந்த காலத்தில், நீ அந்த வாளிக்கு வாக்கப்பட்டவள் என்று கேலி செய்வார். அந்த வாளி இன்றைக்கும் மேடைத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. பௌசியாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள், இரண்டு வருஷ வேலையில் நம்பிக்கை இல்லையா அக்கா என்பாள். நம்பிக்கை இருக்கிறது கண்ணு. கைதான் பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டது. இந்தக் கை எதையெல்லாமோ பழக்கத்தில் செய்யும். அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது மட்டும் பழக்கத்தில் செய்ததில்லை, தெரிந்தே செய்தது.

அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் பார்த்து மழை பிடித்து, தூம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் பந்தலைப் பிய்த்துக்கொண்டு சம்பந்தியம்மாள் தலையில் விழுந்தது. சாலை அந்தப் பக்கம் இருந்ததால் வாசலை அங்கே மாற்றியிருந்தார்கள், தூம்பின் நேர் கீழே. சண்டை பெரிசாகி, யாரோ ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். அப்போது ஊரெல்லாம் வாஸ்துப் பைத்தியம் பிடித்திருந்த சமயம், நன்றாக இருந்த சமையலறைகளை இடித்து வேறு மூலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் திசைகாட்டியை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டு, கன்னி மூலையில் தண்ணீர் வெளியேறினால் அங்கே தாலி ஏறின வீடு விளங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரத்திலேயே மூன்று கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. மில் மூடிப்போய், இந்த மண்டபத்தை நம்பிப் பதினாலு குடும்பம். அறக்கட்டளைச் செயலாளர் பழனிக்குப் போயிருந்தார். அவளுக்கு வயது இருபத்தொன்பது, எல்லாம் தன் தலையில்தான் நிற்கிறது என்று நினைக்கிற வயது. கொத்தனார் ஆறுக்குட்டியைக் கூப்பிட்டாள். மண்டபம் கட்டினபோது சித்தாளாக மண் சுமந்தவர் அவர். ஏணி போட்டு இருவரும் கூரைக்குப் போனார்கள். ஆறுக்குட்டி சிமெண்டைக் குழைத்தாரே தவிர, தூம்பின் வாயில் வைக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். "அய்யா கட்டுனதுல கை வெக்க எனக்கு மனசு வரலீங்க அம்மணி. நீங்க வேணுமின்னா வெச்சுக்குங்க" என்றார். அவள் வைத்தாள். வாஸ்துக்காரர் கொடுத்த செம்புத் தகட்டை உள்ளே செருகி, மேலே சிமெண்டை அப்பி, நாலு விரலால் அழுத்தினாள். வெயிலில் சூடேறியிருந்த கான்கிரீட், குளிர்ந்த சிமெண்டு, நகத்துக்குள் மண். நல்ல காரியம் செய்கிற நினைப்புத்தான் அப்போது. கீழே இறங்கி வந்து சாமி படத்துக்குக் கற்பூரம்கூட ஏற்றினாள். மறு வருஷம் மழையில் கூரைமேல் தண்ணீர் கட்டி நின்று ஒழுக ஆரம்பித்தது. கூரையில் தார் பூசினார்கள், அதன்மேல் இன்னொரு தார். அடைப்பு தாருக்கடியில் போனதே போனது. ஆறுக்குட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் வந்த பொறியாளர்கள் எல்லாரும் கீழே நின்று பார்த்துவிட்டு ஒரே மாதிரி சொன்னார்கள், கட்டினவர் கணக்குத் தப்பு, மெட்ராஸ்காரர் புத்தகத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்று. அவள் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் கேட்டது. விஜயகோபால் பேச எழுந்திருந்தார். தாளில்லாமல் பேசுகிறவர், அப்பாவின் லேத்தைப் பற்றி, வாசகசாலையில் கிடைத்த ஓசி மின்விசிறிக் காற்றைப் பற்றி, சபை சிரித்தது. ராஜாமணிக்கு அவர் மேல் பாசமாக இருந்தது. பேச்சின் முடிவில் மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு சின்ன அட்டையை நீட்ட, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொன்னார். "இந்தக் கூரையில ஆரம்பத்துல இருந்தே ஒரு சின்ன வடிவமைப்புக் குறை இருந்துச்சுங்க. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம கம்பெனி பொறியாளருங்க அதைச் சரிபண்ணிட்டாங்க." மறுபடியும் கைதட்டல். பௌசியா இரண்டாவது வரிசையில் சட்டென்று நிமிர்ந்ததை ராஜாமணி பார்த்தாள். அவளுடைய அறிக்கையில் அப்படி இல்லை, பிற்காலத்தில் யாரோ அடைத்திருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருந்தாள். எழுபது பக்க அறிக்கை அட்டைக்கு வருவதற்குள் எங்கேயோ சுருங்கிவிட்டது. வாசலில் இன்று காலை திறந்த கல்வெட்டிலும் அதே வார்த்தைகள், 'வடிவமைப்புக் குறை நீக்கிப் புதுப்பித்தவர்கள்'. கல்லில் வெட்டியாகிவிட்டது. பௌசியாவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பருத்திப் புடவையில் அறுபத்தெட்டு அறுபத்தொன்பது வயசு இருக்கிற ஒரு அம்மாள், ஹெலன், ஜோதிநாதன் ஐயாவின் ஒரே மகள். தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்திருக்கிறாள். அப்பாவின் நீள மூக்கு அப்படியே. மற்றவர்கள் கைதட்டும்போது அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். எதையும் எடுக்கவில்லை. மூடிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அந்தப் பைக்குள் தேடின விதத்தில்தான் ஐயாவே வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது ராஜாமணிக்கு. அவரும் அப்படித்தான் சட்டைப் பையைத் தடவினார், எதையும் எடுக்காமல். தொண்ணூற்றொன்பதில், இதே ஐப்பசியில், எழுபத்தெட்டு வயசில், பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கூரை ஒழுகுகிறது, இடிக்க வேண்டியிருக்கும் என்று யாரோ எழுதிப்போட்ட கடிதம் கையில். மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏணியில் ஏற அவரால் முடியவில்லை, மழையும் விட்டிருந்தது, கீழிருந்து பார்த்தால் தூம்பின் முனை எப்போதும் போலத் திறந்துதான் தெரியும். கடைசியில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, வாளிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, சொட்டு விழுவதையே பார்த்திருந்தார். அவள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போது கேட்டார், அதட்டலாக இல்லை, பேத்தியிடம் கேட்கிற மாதிரி. "மேலே தூம்பு அடைச்சிருக்காம்மா?" அவள் சொன்னாள், "இல்லீங்க அய்யா, நல்லா ஓடுதுங்க." எவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை, வாய் சொல்லிவிட்டது, கை காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தப்பு என்னோடதுதான். எங்கயோ கணக்க விட்டுட்டேன்" என்றார். எழுந்து போகும்போது திரும்பி நின்று, இத்தனை வருஷம் நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்லி, கைகூப்பினார். அவளைப் பார்த்து. அந்தக் கும்பிடுதான். திட்டியிருந்தால் மறந்திருக்கலாம், பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். பஸ் ஏற்றிவிட்டு வந்தவள் தேங்காய் உரிக்கிற கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினாள். தாரைக் கொத்தினாள், கை கொப்பளித்ததுதான் மிச்சம், அடைப்பு எங்கே இருக்கிறது என்றே தட்டுப்படவில்லை. நாளைக்கு ஆள் விட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினாள். ஆள் விட்டால் ஏன் என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது, பத்திரிகையில் மூன்று வரியில் அவர் இறந்த செய்தி வந்தது. அந்தத் துண்டைப் பர்ஸில் வைத்திருக்கிறாள், மடிப்பில் எழுத்தே போய்விட்டது.

பௌசியாவின் ஆட்கள் தாரைச் சுரண்டிக்கொண்டே வந்து ஒரு நாள் அடைப்பைக் கண்டுபிடித்தார்கள். வெட்டி முழுசாக எடுத்துக் கீழே கொண்டுவந்தாள் அந்தப் பெண், செம்புத் தகட்டோடு. யார் வைத்தது, உங்களுக்குத் தெரியுமா அக்கா என்று கேட்டாள். ராஜாமணி தெரியாது என்றாள். இரண்டாவது தடவை. பௌசியா மேற்கொண்டு கேட்கவில்லை, இவள் கையைப் பார்த்தாளா, இல்லை அப்படித் தோன்றியதா, இன்றுவரை தெரியாது. இப்போது அந்தச் சிமெண்டுக் கட்டி வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குத் தனி விளக்கு, கீழே செவ்வருவியின் பேர், பக்கத்தில் சின்ன அட்டை: 'காலம் தெரியவில்லை. நான்கு விரல் தடங்கள். அளவை வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் கையாக இருக்கலாம்.' காலையில் கலெக்டர் குனிந்து பார்த்து, எவ்வளவு சுவாரசியம் என்றார். காலம் தெரியும். தொண்ணூற்று மூன்று ஆவணி, இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணி. தலைப்புக்குள் இருந்த விரல்கள் ஒன்றையொன்று தடவிப் பார்த்துக்கொண்டன.

இடி இடித்தது, மேடை விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. இறுதியாக நன்றியுரை என்று ஒலிபெருக்கி சொன்னது. ராஜாமணி எழுந்தாள். சொல்லத்தான் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் என்ன ஆகும், இந்த மண்டபத்தின் மேற்பார்வையாளராக வைத்திருக்கிறார்கள், அது போகும். போகட்டும், அறுபதாகிறது. நாளைக்குப் பேப்பரில் வரும். மண்டபத்தைக் கெடுத்தவளே நன்றி சொன்னாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. ஒன்றுமே ஆகாது, ஹெலன் இரவு ரயிலுக்குப் போய்விடுவாள், கல்வெட்டில் அப்பாவின் குறையைப் படித்துவிட்டு. மைக்கின் முன்னால் நின்று தாளைப் பிரித்தபோது மழை பிடித்தது. மேடையில் நிற்பவளுக்கு மட்டும்தான் திறந்திருந்த கதவு வழியாக மண்டபத்தின் கன்னி மூலை நேராகத் தெரியும், மற்றவர்களுக்கெல்லாம் அது முதுகுப் பக்கம். அவள் பேர்களை வாசித்துக்கொண்டே வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தாள். கலெக்டர், விஜயகோபால், துணைவியார். மழை வலுத்தது. இயக்குநர்கள் ஐந்து பேரையும் இனிஷியல் தப்பாமல் சொன்னாள். வழுக்கைத் தலைக்காரர் கையைத் தூக்கித் தலையைத் தடவினார், சொட்டுத்தானா என்று அவள் வாசிப்பதை நிறுத்திப் பார்த்தாள், ஆனால் அவர் வெறுமனே தடவினார், அவ்வளவுதான். மாநகராட்சி, தீயணைப்பு. தூம்பின் முனையில் முதலில் புழுதி கலந்த நாலு சொட்டு, அப்புறம் ஒரு கயிறு கனத்துக்கு, பூ அலங்காரம் என்று சொல்லும்போது ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற கனத்துக்குத் தண்ணீர் வளைந்து வெளியே வந்து, ஒரு துளி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சிதறாமல், கல்தொட்டியின் நட்டநடுவில் விழுந்தது. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கூரையின் உள்பக்கம் காய்ந்து கிடந்தது. அவர் கணக்குப் போட்ட இடத்தில், அவர் கணக்குப் போட்ட மாதிரி, முப்பத்தொரு வருஷம் கழித்து. அவளுக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது. அதோடு பதினேழும் வந்துவிட்டது.

"இந்த மண்டபத்தைக் கட்டுன ஜோதிநாதன் அய்யாவுக்கு" என்று சொல்லி நிறுத்தினாள். எல்லாரும் மேடைப் பக்கம் திரும்ப அவகாசம் கொடுக்கிறவள் போல நின்றாள். தாளை மடித்தாள். "நன்றி சொல்றதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுமுங்க. கூரையில குறையே இல்லீங்க. அங்க தண்ணி கொட்டுதே, அந்தத் தூம்ப அடச்சது நானுங்க. வாசல்ல கண்ணாடிப் பொட்டில இருக்கற வெரலு என்ற வெரலுங்க." வலது கையைத் தூக்கிக் காட்டினாள், ஏன் காட்டினோம் என்று தெரியாமலே. "அய்யா வந்து கேட்டாருங்க, அடச்சிருக்கான்னு. இல்லீன்னு சொன்னனுங்க. தப்பு தன்னோடதுன்னு நெனச்சுட்டே போயிட்டாரு. அவரு கணக்கு சரிங்க. நாந்தான் பொய்யி." விஜயகோபால் அவளையே பார்த்தார். மக்கள் தொடர்பு அதிகாரி எழுந்து நின்றுவிட்டாள். மழைச் சத்தமும் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும் இருந்தன. இதற்குப் பிறகு என்ன செய்வது என்று ராஜாமணி யோசித்து வைத்திருக்கவில்லை. கை தாளைப் பிரித்தது. ஒலி ஒளி அமைத்தவர்களுக்கு நன்றி என்று வாசித்தாள். குடிநீர் வழங்கியவர்களுக்கு. வாகன நிறுத்தம் பார்த்துக்கொண்டவர்களுக்கு. வருகை தந்த அனைவருக்கும். ஒரு பேர்கூட விட்டுப்போகவில்லை.

உடனே நாட்டுப்பண் ஒலித்தது. அது பாட்டுக்கு ஓடும்படி மிஷினில் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. எல்லாரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். யாரும் பேச முடியாது, யாரும் நகர முடியாது, ஐம்பத்திரண்டு விநாடி அவள் ஹெலனுக்கு நேர் எதிரே நின்றாக வேண்டும், ஹெலனும் அவளைப் பார்த்து நின்றாக வேண்டும். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. கோபம் என்று நினைத்தால் கோபம், இல்லை என்று நினைத்தால் இல்லை, முதுகுக்குப் பின்னால் நின்ற ஓட்டுச் சுவர்ப் பெண்களின் முகங்கள்கூட இதைவிட ஏதாவது சொல்லும். இத்தனை வருஷத்தில் எத்தனை விழாவில் இந்தப் பாட்டுக்கு நின்றிருக்கிறாள், இது இவ்வளவு நீளம் என்று தெரியாது. ஆனால் மூச்சு, வினோதமாக, அடிவரைக்கும் போய் வந்தது. பாட்டு முடிந்ததும் விஜயகோபால் நேராக அவளிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றாள். அவர் பௌசியாவைக் கையசைத்துக் கூப்பிட்டு, கல்வெட்டில் அந்த ஒரு வரியை நாளைக்கே கொத்தி எடுத்துவிடச் சொன்னார். அப்புறம் அவளிடம், "எங்க அப்பா வேல கெட்டா மிஷின் மேல பழி போட விடமாட்டாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைப் பாராட்டாகச் சொன்னாரா குத்தலாகச் சொன்னாரா என்று அவள் முடிவுசெய்வதற்குள், கலெக்டரை வழியனுப்பப் போய்விட்டார்.

ஹெலன் மேடைக்கு வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்து, தொட்டியின் ஓரத்தில் போய் நின்றாள். ராஜாமணி இறங்கிப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் விழுகிற வேகத்தில் இரண்டு பேர் புடவையும் நனைந்தது. ஹெலன் தூம்பைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணில் வழிந்தது மழையா வேறா, சொல்ல முடியாது. திரும்பாமலே கேட்டாள். "அப்பாட்ட சொல்லியிருக்கலாமே. கடைசி வருஷம் பூரா இந்தக் கூரைய வரைஞ்சு வரைஞ்சு பாத்துட்டே இருந்தாங்க." ராஜாமணி, "ஆமாங்க" என்றாள். ஹெலன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை, நகர்ந்தும் போகவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. இருபத்தைந்து வருஷமாக அதை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் ராஜாமணி காத்திருந்திருக்கிறாள். கேட்பதற்கு உலகத்தில் இன்னும் ஒரு ஆள் மிச்சமிருந்ததே, ரயிலேறி வந்து பக்கத்தில் நின்று கேட்டதே, அதற்கு நன்றி சொல்லத் தாளில் இடமில்லை. இருவரும் மழை விடும்வரை அங்கேயே நின்றார்கள். மழை விட்ட பிறகும் தூம்பிலிருந்து கொஞ்ச நேரம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது முழுசாக நிற்கிறவரைக்கும் பார்த்துவிட்டு, ராஜாமணி, காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.